விட்டுப்போன விபஸ்ஸனாவுக்குத் திரும்பும்போது எங்கே சறுக்குகிறது?

விபஸ்ஸனா என்பது உடல் உணர்வுகளைச் சமநிலையோடு கவனிக்கும் பௌத்தத் தியானம். எஸ்.என். கோயங்கா மரபில் அதன் 10 நாள் முகாம் முடித்து, சில மாதம் ஒழுங்காக உட்கார்ந்து, பிறகு வருடக்கணக்கில் விட்டுவிட்டவர்கள் வாராந்திரக் கூட்டுத் தியானத்துக்குத் திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். முகாமின் கடைசி நாட்களில் உடம்பு முழுக்க ஓடிய மெல்லிய அதிர்வு இன்றைக்கே வேண்டும் என்று தேடுகிறார்கள். கிடைப்பதோ முட்டி வலியும் மரத்துப்போன முதுகும். "எனக்கு எல்லாம் போயிடுச்சு" என்று அந்த வாரமே மறுபடி நிறுத்திவிடுகிறார்கள்.

எதுவும் போய்விடவில்லை. முகாமில் விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும், நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் தியானம், பேச்சு கிடையாது, போன் கிடையாது. அதோடு முதல் மூன்றரை நாள் வெறும் ஆனாபானா, அதாவது மூச்சைக் கவனிப்பது. அந்தக் கூர்மை வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு எடுத்த எடுப்பில் வராது. வலி, அரிப்பு, மரப்பு, இதமான அதிர்வு எல்லாமே உடல் உணர்வுதான். எது வந்தாலும் அனிச்சா (நிலையற்றது) என்று அறிந்து சமநிலை கெடாமல் இருந்தால் அன்றைய தியானம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. உணர்வே தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் போல மனதை நிறுத்திப் பாருங்கள். தெரியாவிட்டால் அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே முட்டி மோதினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

திரும்பத் தொடங்க வேண்டிய இடம் சீலம், அதாவது ஒழுக்கம். திரிசரணமும் (புத்தர், தம்மம், சங்கத்தைச் சரணடைவது) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்க விதிகள்) வாய்விட்டுச் சொல்லி மறுபடி ஏற்றுக்கொண்டால் போதும். பிக்கு (பௌத்தத் துறவி) இருந்தால் அவரிடம் கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் வீட்டிலேயே சொல்லலாம். விட்டுப்போன காலத்துக்குப் பரிகாரம் என்று எதுவும் இல்லை. குற்ற உணர்வோடு வருபவர்கள் சித்தஹத்த தேரரை நினைத்துக்கொள்ளட்டும். தம்மபதம் என்ற பௌத்த நூலின் உரை சொல்லும் கதைப்படி அவர் 6 முறை சீவரத்தை (துறவாடையை) களைந்து வீட்டுக்குப் போனவர். 7-ஆம் முறை வந்துதான் அரகந்தர் (முழு விடுதலை பெற்றவர்) ஆனார். ஐந்து சீலங்களில் நடைமுறையில் அதிகம் இடறுவது மது. முந்தின இரவு குடித்துவிட்டுக் காலையில் உட்கார்ந்தால் மனம் மந்தமாகத்தான் இருக்கும். அதைத் தியானத்தின் கோளாறு என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்தது ஆனாபானா மட்டும். காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம், இரண்டு வாரம். மூக்குத் துவாரங்களுக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள அந்தச் சின்ன இடத்தில் மூச்சு படுவதைக் கவனியுங்கள். மூச்சை எண்ண வேண்டாம், மந்திரம் சேர்க்க வேண்டாம், உருவம் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். மனம் பிடிபடவே இல்லை என்றால் சில மூச்சு மட்டும் சற்று வேகமாக விட்டு, உடனே இயல்பான மூச்சுக்கு வந்துவிடுங்கள். பிறகு அரை மணி, முக்கால் மணி என்று கூட்டி, மூன்றில் ஒரு பங்கு ஆனாபானா, மீதி விபஸ்ஸனா, கடைசி சில நிமிடம் மெத்தா (எல்லா உயிர்க்கும் நலம் நினைப்பது). ஒரு மணி நேரத்தை முதல் நாளே பிடிக்கப் போவதால்தான் பலரும் விடுகிறார்கள் என்பது என் முடிவு.

*

மேலே சொன்னதோடு உட்காரும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைவெளிக்குப் பிறகு இடுப்பு இறுகிப்போயிருக்கும். வெறும் பாயில் சம்மணம் போட்டால் முட்டி மேலே தூக்கி நிற்கும், முதுகு பின்னால் வளையும், பத்தே நிமிடத்தில் இடுப்பு வலிக்கும். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி, நாலைந்து அங்குலம் கெட்டியாக ஏதாவது போட்டு அதன் முன்பாதியில் உட்காருங்கள். போர்வையை இறுக்கி மடித்தாலே போதும், மெத்தென்ற தலையணை அமுங்கிவிடும். முட்டி காற்றில் நின்றால் அடியில் துண்டு மடித்து வையுங்கள். கால் மரத்தால் சட்டென்று எழாதீர்கள், கணுக்கால் பிசகும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் தயங்காமல் நாற்காலியில் உட்காரலாம்.

தூக்கம்தான் இன்னொரு பெரிய தடை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் தலை தொங்கும். மாலைத் தியானத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அப்படியும் கண் செருகினால், மகத நாட்டில் தூங்கி வழிந்த தன் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தரே சொன்ன வழிகள் அங்குத்தர நிகாயம் என்ற பாலி நூல்தொகுப்பில் இருக்கின்றன: காது மடலை இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய்ப்பது, எழுந்து தண்ணீரால் கண்ணைக் கழுவி வானத்தைப் பார்ப்பது, மனதில் வெளிச்சத்தைக் கொண்டுவருவது, எழுந்து நடப்பது. எதுவும் பலிக்காவிட்டால், எழும் நேரத்தை மனதில் குறித்துக்கொண்டு வலப்பக்கமாகப் படுத்துவிடு என்கிறார். உடம்புக்கு உண்மையிலேயே தூக்கம் தேவைப்படும் நாளும் உண்டு என்பதை அவர் ஒளிக்கவில்லை. வைராக்கியம் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

*

மையத்துக்குத் திரும்புவது பற்றி. கோயங்கா மரபில் ஒரு 10 நாள் முகாமை முழுதாக முடித்தவர் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் பழைய மாணவர்தான். ஆகவே நேரே இன்னொரு 10 நாளுக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் வாராந்திர ஒரு மணி நேரக் கூட்டுத் தியானம், பிறகு ஒரு நாள் முகாம். சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபஸ்ஸனா மையம் இருக்கிறது. 10 நாளுக்குப் போனால், பழைய மாணவர் என்பதால் இந்த முறை ஐந்துக்குப் பதில் எட்டு சீலம்: மதியத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது, மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தரும் பழமும் உங்களுக்கு இல்லை, எலுமிச்சை நீர் போன்றதுதான். வீட்டிலேயே சில நாள் இரவு உணவைக் குறைத்துப் பழகிக்கொண்டால் முதல் இரண்டு நாள் தலைவலி இல்லாமல் கழியலாம்.

விண்ணப்பப் படிவத்தில் இடைப்பட்ட காலத்தை மறைக்காதீர்கள். ரெய்கி என்ற கைவைத்துக் குணப்படுத்தும் முறையோ வேறு தியான முறையோ செய்திருந்தால் எழுதுங்கள். தினமும் உட்காரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். மனநல மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பெயரும் அளவும் கட்டாயம் எழுத வேண்டும். முகாமில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.