13 வயதும் ஐந்து அடிகளும்

சென்ற ஆண்டு மே மாத விடுமுறைக்கு என் அண்ணன் மகள் சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வந்தாள். அவளுக்கு 13 வயது பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் காலமாகி எட்டு மாதம். கேதம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளையிடம் ஆளுக்கொரு பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நன்றாகப் படிக்க வேண்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தங்கை முன்னால் அழக்கூடாது. அவளும் அழவில்லை. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூணில் சாய்ந்து, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூக்களை விரலால் வரைந்துகொண்டே நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள்.

நானும் அந்தத் தவற்றைத்தான் செய்தேன். வளரும் பிள்ளைக்கு இலக்கியம் வழிகாட்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் ஐயம் இல்லை. ஆனால் அன்று நான் வழிகாட்ட அவசரப்பட்டேன். புறநானூற்றின் 192ஆம் பாட்டை எடுத்துவைத்தேன். கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி, திருப்பத்தூர்ப் பக்கம் நம் ஊர்தானே, அந்த உரிமை வேறு. ‘யாதும் ஊரே’ அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் அந்த முதல் அடிதான் தெரியும். மீதி 12 அடிகளையும் படித்துக் காட்டினேன். ‘சாதலும் புதுவது அன்றே’ என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்திப் படித்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குப் புதிதுதான் அயித்தை” என்றாள்.

அதற்கு நான் என்ன சொல்வது? புத்தகத்தை மூடிவிட்டேன். இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அந்தப் பாட்டில் குறை ஒன்றும் இல்லை. வாழ்ந்து, இழந்து, தெளிந்த ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது. இழப்பின் வாசலில் நிற்கும் குழந்தையை அங்கே தூக்கிக் கொண்டுபோய் வைக்க நான் யார்?

நான்கைந்து நாள் கழித்துப் பிரான்மலைக்குப் போகலாமா என்று கேட்டேன். திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று பஸ் மாறிப் போனோம். பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். கொடுங்குன்றநாதரைத் தரிசித்துவிட்டுக் கோயில் நிழலில் உட்கார்ந்தோம். முல்லைக்குத் தேர் கொடுத்த கதை அவள் பாடப்புத்தகத்தில் இருந்ததாம். அதற்குப் பிறகு நடந்தது இல்லையாம். மூவேந்தரும் மலையை முற்றுகையிட்டதையும், பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் பாரி கேட்டு வந்தவர்களுக்கே முன்பே கொடுத்துவிட்டதாகக் கபிலர் பாடியதையும் சொன்னேன். பாரி இறந்த பின் அவன் மகள்கள் இருவரும் பாடியதாக ஒரு பாட்டு இருக்கிறது, 112ஆம் பாட்டு, ஐந்தே அடி என்றேன். விளக்கம் எதுவும் சொல்லாமல் கையில் கொடுத்தேன்.

‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.’

‘எந்தை’ என்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். எங்கள் அப்பா என்றேன். மறுபடி படித்தாள். பிறகு, “அந்த நிலாவும் இந்த நிலாவும் ஒன்றுதான், இல்லையா?” என்றாள். ஆமாம் என்றேன். “இவர்கள் ஏன் தைரியமாக இருப்போம் என்று சொல்லவில்லை?” என்றாள். “சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை போலும், ஆத்தா” என்றேன்.

அப்போதுதான் அழுதாள். எட்டு மாத அழுகை. கோயிலுக்கு வந்த ஓர் அம்மாள் என்ன ஏது என்று விசாரிக்க வந்தார். நான் கையசைத்து அனுப்பிவிட்டேன்.

நம் பிள்ளைகளுக்கு நீதிநூல்களை ஏராளமாகக் கொடுக்கிறோம். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பாட்டில் அறிவுரையாக ஒரு சொல்கூட இல்லை. ‘உடையேம்’ என்பது ‘இலமே’ ஆகிவிட்டது, ‘அற்றை’ ‘இற்றை’ ஆகிவிட்டது, அவ்வளவுதான். அந்த இரண்டு பெண்களும் அவளுக்குத் தோழிகள் ஆகிவிட்டார்கள். அவர்கள் பெயரைக் கேட்டாள். அங்கவை, சங்கவை என்று வழங்குவார்கள், புறநானூற்றில் ‘பாரி மகளிர்’ என்றுதான் இருக்கிறது என்றேன். அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. பாட்டு எழுதினவர்களுக்குப் பெயர் இருக்க வேண்டாமா என்று பஸ்ஸில் வெகுதூரம் கோபமாக இருந்தாள். அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் இரவு அவளாகவே அந்த 192ஆம் பாட்டை மறுபடி எடுத்துவந்தாள். சாதலும் புதுவது அன்றே என்ற அடியைத் தாண்டிவிட்டாள். பாறையில் மோதி ஒலிக்கும் பேராறும், அதன் நீர் போகும் வழியில் போகும் புணையும் வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். புணை என்றால் தெப்பம் என்றேன்.

“இங்கே ஊருணியும் கண்மாயும்தானே இருக்கின்றன, அயித்தை? பூங்குன்றத்துக்காரர் இவ்வளவு பெரிய ஆற்றை எங்கே போய்ப் பார்த்தார்?”

வைகையாக இருக்குமோ என்று நான் சொல்ல, மதுரை வரைக்கும் நடந்து போயிருப்பாரா என்று அவள் கேட்க, அன்று நாங்கள் தூங்கப் போகும்போது மணி பன்னிரண்டு.