எட்டு த்ரெட் போட்டால் ஒன்றைவிட மெதுவாக ஓடுகிறதே?

கேள்வி:
பெரிய பதிவுக் கோப்பில் சொற்களை எண்ணும் நிரல், சி பிளஸ் பிளஸில். 8 கோர் (செயலிக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதி), 8 த்ரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலை இழை). ஒவ்வொரு த்ரெட்டுக்கும் எண்ணிக்கை வைக்கத் தனி எண்ணி, எல்லாம் ஒரே அரேயில் (வரிசைப் பட்டியலில்) அடுத்தடுத்து. ஒரு த்ரெட்டை இன்னொன்றுக்காகக் காக்கவைக்கும் பூட்டே கிடையாது. ஆனாலும் ஒற்றை த்ரெட்டில் 4 விநாடியில் முடிந்த வேலை இப்போது 6 விநாடி இழுக்கிறது. கோர்கள் எல்லாம் 100 சதவீதம் உழைப்பதாக வேறு காட்டுகிறது!

பதில் 1:
அது உழைப்பல்ல, இழுபறி. 8 பைட் எண்ணிகள் எட்டு சேர்ந்தால் 64 பைட். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலிகளில் ஒரு கேச் வரியின், அதாவது கோர் தன் வேக நினைவகத்துக்கு ஒரே மூச்சில் எடுத்துவரும் துண்டின், அளவே அதுதான். ஒரு கோர் தன் எண்ணியில் எழுதியதும் மற்ற கோர்களிடம் உள்ள அந்த வரியின் பிரதி செல்லாததாகிவிடுகிறது; அவை அதை மறுபடி எடுத்துவரக் காத்துக் கிடக்கின்றன. த்ரெட்டுக்குள்ளேயே உள்ளூர் மாறியில் எண்ணி, கடைசியில் ஒரே ஒரு முறை அரேயில் எழுதுங்கள். நானும் இந்தப் பள்ளத்தில் ஒரு வாரம் கிடந்தவன்தான்.

பதில் 2:
லினக்ஸ் என்றால் 'பெர்ஃப் சி2சி' என்ற அளவீட்டுக் கருவியை ஓட்டிப் பாருங்கள். எந்தக் கேச் வரியில் அடிதடி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், 0.7 விநாடி! ஆசைப்பட்டு 16 த்ரெட் போட்டேன், அதே 0.7.

பதில் 1:
கோர் எட்டுதானே இருக்கிறது. கோப்பைப் படிப்பது இன்னும் ஒற்றை த்ரெட்டிலா? அடுத்து அங்கே கை வையுங்கள்.