சந்தேகமா, கேள்வியா? தமிழ்வழியில் படித்தவர்களைக் குழப்பும் ஆங்கிலச் சொற்கள்

பெரம்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் வெளிநாட்டு நிறுவனத்தின் இன்வாய்ஸில் சென்ற மாதம் ஒரு வரி புரியவில்லை. அதனால், ‘வீ ஹேவ் எ டவுட் இன் யுவர் இன்வாய்ஸ்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே, தங்கள் கணக்கில் எந்தத் தவறும் இல்லை என்றும், வேண்டுமானால் தணிக்கையாளரின் கடிதத்தையே அனுப்புவதாகவும் இறுக்கமான பதில் வந்தது. சரக்குக் கட்டணத்தில் காப்பீட்டுத் தொகையும் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் நான் கேட்க நினைத்தது. மேலாளர் விளக்கம் கேட்டபோது, எந்தச் சொல்லில் பிழை செய்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மின்னஞ்சலையும் அனுப்பும்போது கை தயங்குகிறது. பாரோ, லெண்ட் இரண்டிலும் தடுமாறுகிறேன். ஹியர், லிசன் இரண்டிலும் தடுமாறுகிறேன். அட்வைஸ் என்பதைச் சில இடங்களில் ‘சி’ போட்டும் சில இடங்களில் ‘எஸ்’ போட்டும் எழுதியிருப்பது ஏன் என்றும் விளங்கவில்லை. பட்டியல்களை மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. மனத்தில் நிற்கும்படி கற்க வழி உண்டா?

மயிலாப்பூர் ஆசிரியர் (ஓய்வு):

வணக்கம் அம்மா. உங்கள் பிழைக்குக் காரணம் கவனக்குறைவு அன்று. தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்பதுதான். ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்று மாணவன் எழுந்து நின்றால், அவன் என்னை நம்பவில்லை என்று எந்த ஆசிரியரும் நினைப்பதில்லை. விளங்காமையும் அவநம்பிக்கையும் நமக்குச் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் டவுட் என்பது பெரும்பாலும் அவநம்பிக்கையின் பக்கமே சாய்கிறது. விளங்காததைக் கேட்பதற்குக் கொஸ்டின் என்ற சொல் தனியே இருக்கிறது. நீங்கள் விளக்கம் கேட்டீர்கள், அவர்கள் அதைக் குற்றச்சாட்டாகப் படித்தார்கள்.

ஆகவே ஆங்கிலப் பட்டியலை விட்டுவிட்டுத் தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். ‘கேள்’ என்பதை எடுத்துக்கொள்வோம். வழி கேட்டேன் என்றால் ஆஸ்க், பாட்டுக் கேட்டேன் என்றால் லிசன், இடிச் சத்தம் கேட்டது என்றால் ஹியர். மூன்றுக்கும் ஒரு சொல்தான் என்றாலும், கடைசி இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘எனக்குக் கேட்டது’ என்று சொல்லத் தோன்றினால் ஹியர்; ‘நான் கேட்டேன்’ என்று சொல்லத் தோன்றினால் லிசன். முதலாவது தானாகக் காதில் விழுவது, இரண்டாவது நாமாகக் காதுகொடுப்பது. தொலைபேசியில் ‘நான் பேசுவது கேட்கிறதா?’ என்பதை ‘ஆர் யூ லிசனிங்?’ என்று சொல்லிவிடுகிறோம். எதிரில் இருப்பவருக்கோ, ‘கவனிக்கிறாயா, இல்லையா?’ என்று அதட்டுவதுபோல் ஒலிக்கிறது. அங்கே ‘கேன் யூ ஹியர் மீ?’ என்பதே சரி. இதே சோதனை பார்வைக்கும் பொருந்தும்: ‘எனக்குத் தெரிந்தது’ என்றால் சீ, ‘நான் அதை நோக்கிப் பார்த்தேன்’ என்றால் லுக்.

பாரோ, லெண்ட் இரண்டுக்கும் ‘இரவல்’ என்ற நல்ல சொல் துணை செய்யும். இரவல் வாங்குவது பாரோ, இரவல் கொடுப்பது லெண்ட். நிழலும் அப்படித்தான்: வேப்பமரத்தடியில் வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் ஷேட், சுவரில் விழும் நம் உருவத்தின் நிழல் ஷேடோ.

அடையாறு மொழிபெயர்ப்பாளர்:

ஆசிரியர் ஐயா பொருளைச் சொன்னார்; நான் ஒலியைச் சொல்கிறேன், ஏனெனில் அட்வைஸ் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘எஸ்’ ஒலி வேறு, ‘இசட்’ ஒலி வேறு. தமிழில் இரண்டையும் ‘ஸ்’ என்ற ஒரே எழுத்தால் எழுதுவதால், நம் காதும் அவற்றை ஒன்றாகவே கேட்கப் பழகிவிட்டது. தொண்டையில் விரலை வைத்து ஒலித்துப் பாருங்கள்: ‘எஸ்’ ஒலிக்கு விரலில் அதிர்வு இருக்காது, ‘இசட்’ ஒலிக்கு வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும். அறிவுரை என்ற பெயர்ச்சொல் அதிராமல் முடியும், ‘சி’ போட்டு எழுத வேண்டும். அறிவுரை கூறு என்ற வினைச்சொல் அதிர்ந்து முடியும், ‘எஸ்’ போட்டு எழுத வேண்டும். தளர்வு என்ற பொருளுடைய லூஸ் அதிராது, இரண்டு ‘ஓ’ உண்டு. இழப்பது என்ற பொருளுடைய லூஸ் அதிரும், ஒரே ‘ஓ’தான். விலைக்கும் பரிசுக்கும் உள்ள ப்ரைஸ் வேறுபாடும் இதுவே.

ப்ராக்டிஸ் என்ற சொல்லில் மட்டும் காதை நம்ப வேண்டாம், பெயரும் வினையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். பிரிட்டிஷ் முறையில் பெயருக்குச் ‘சி’, வினைக்கு ‘எஸ்’; அமெரிக்க முறையில் இரண்டுக்கும் ‘சி’. பிரிட்டிஷ் முறையை நினைவில் வைக்க ஓர் எளிய வழி உண்டு. பனிக்கட்டியைக் குறிக்கும் ஐஸ் ஒரு பெயர்ச்சொல். அதன் மூன்று எழுத்துகள் கடைசியில் அப்படியே வந்தால் நீங்கள் எழுதியிருப்பது பெயர்ச்சொல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அலுவலகக் கடிதங்களில் நான் மிகுதியாகத் திருத்துவது இதைத்தான். அறிவுரைகள், தகவல்கள் என்று தமிழில் பன்மை சொல்லிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் அட்வைசஸ், இன்ஃபர்மேஷன்ஸ் என்று எழுதிவிடுகிறது. இவை ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர்கள். பன்மை விகுதி ஏற்காது.

திருவொற்றியூர் தேர்வர்:

போட்டித் தேர்வுக்குப் படிப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்த இரண்டைச் சேர்க்கிறேன். பேச்சில் ‘மூணு வருஷத்துல இருந்து’ என்கிறோம், அதனால் சின்ஸ் த்ரீ இயர்ஸ் என்று வந்துவிடுகிறது. ‘மூன்று ஆண்டுகளாக’ என்று எழுத்துத் தமிழில் மாற்றிப் பாருங்கள்: ‘ஆக’ வந்தால் ஃபார், ‘2021 முதல்’ என்பதுபோல் தொடக்கம் வந்தால் சின்ஸ்.

ஸ்டேஷனரி என்ற சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. அசையாமல் நிற்பதற்கு ‘ஏ’, எழுதுபொருளுக்கு ‘ஈ’. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஊர் ஊராகச் சுற்றி விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டவரையே அக்காலத்தில் ஸ்டேஷனர் என்றார்களாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருவதால் எனக்கு மறப்பதேயில்லை.

அடையாறு மொழிபெயர்ப்பாளர்:

ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். டவுட் என்று கேட்பதைப் பிழை என்று முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. இந்திய ஆங்கிலத்தில் அது கேள்வி என்ற பொருளில் நெடுங்காலமாக வழங்குகிறது. சென்னை வகுப்பறையில் எவரும் தவறாகக் கொள்வதில்லை. வெளிநாட்டவர் படிக்கும் கடிதத்தில்தான் அது வேறு பொருள் தரும்.

பெரம்பூர் வாசகி:

அனைவருக்கும் மிக்க நன்றி. தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக ‘இசட்’ ஒலியை நான் எழுப்பியதே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. அந்த நிறுவனத்துக்குப் புதிய மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். முதல் வரி: ‘வீ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் த ஃப்ரெய்ட் சார்ஜ்.’ கடைசி வரி: ‘ஐ பிலீவ் யூ வில் ரிப்ளை சூன்.’ சரிதானா, ஐயா?

மயிலாப்பூர் ஆசிரியர் (ஓய்வு):

முதல் வரி மிகச் சரி. கடைசி வரியில் ‘நம்புகிறேன்’ என்ற தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது, அம்மா. உண்மை என்று உறுதியாக எண்ணுவதும் நம்புவதுதான், நடக்க வேண்டும் என்று விரும்புவதும் நம்புவதுதான். உங்கள் வரியில் இருப்பது விருப்பம். பிலீவ் என்பதை நீக்கிவிட்டு ஹோப் என்று போட்டு அனுப்பிவிடுங்கள்.