பேக்வெல்லுக்கு ரயில் வேண்டுமா, மான்சல் பாதை வேண்டுமா?

டெர்பி குமரன்

வங்கி விடுமுறைத் திங்களன்று குடும்பத்தோடு பேக்வெல் போயிருந்தோம். திங்கள் அங்கே சந்தை நாள் என்று தெரிந்துதான் போனோம். ஆனால் ஏ6 சாலையில் ரோஸ்லி தாண்டியதும் கார் நின்றது நின்றதுதான். ஊருக்குள் நுழைந்த பிறகு பார்க்கிங் தேடி இன்னொரு சுற்று. 4,000 பேர்கூட இல்லாத ஊர். இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஒரே சந்தை நகரம் என்பதால் எல்லோரும் அங்கேயே வந்து குவிகிறார்கள்.

மேட்லாக்கிலிருந்து பேக்வெல் வழியாக பக்ஸ்டன் பக்கம் போன பழைய ரயிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் பல வருடமாகக் கேட்டுவருகிறார்கள். 1968ல் மூடிய வழி. அந்தத் தடத்தின் மேல்தான் இப்போது மான்சல் டிரெயில் என்கிற நடை, சைக்கிள் பாதை இருக்கிறது. ரயில் வந்தால் பாதை போகும், இல்லாவிட்டால் வேறு பக்கம் தள்ளப்படும். நான் ரயில் கட்சி. நீங்கள்?

(ஊர்ப் பெயரில் இருக்கும் இனிப்பு பேக்வெல் புட்டிங்கா, டார்ட்டா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அதற்குத் தனித் திரி போடுங்கள்.)

மலைநடை மீனா

ஒரு நாள் பார்க்கிங் கிடைக்கவில்லை என்பதற்காக 8.5 மைல் பாதையைக் காவு கொடுக்கச் சொல்கிறீர்களே குமரன், இது நியாயமா?

பீக் டிஸ்ட்ரிக்டில் நடக்க வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை வேலிப்படி ஏறித் தாண்ட வேண்டியவை, சேற்றில் கால் புதைபவை. சக்கர நாற்காலியும், குழந்தைத் தள்ளுவண்டியும், இப்போதுதான் சைக்கிள் பழகும் பிள்ளையும் போகக்கூடிய கார் வராத பாதைகள் எத்தனை? மான்சல், டிஸ்ஸிங்டன், ஹை பீக், மேனிஃபோல்ட் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நீராவி எஞ்சின் திணறாமல் ஏறும்படி போட்ட தடம் என்பதால்தான் மான்சலில் ஏற்றமே தெரிவதில்லை. புதிதாக அப்படி ஒரு பாதையை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் வெட்டப்போவதில்லை.

என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். பாதையில் வரும் ஹெட்ஸ்டோன் ரயில் பாலத்தின் நடுவே நிறுத்தி, கீழே வை ஆறு வளைந்து போவதை அவருக்குக் காட்ட முடிந்தது. வேறு எந்த வழியில் அவரை அந்த உயரத்துக்குக் கொண்டுபோவது?

பழைய தண்டவாளம்

மீனா, அம்மாவை அங்கே எப்படி அழைத்துப் போனீர்கள்? காரில்தானே. அதில் தப்பில்லை, அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். கார் வராத பாதையில் நடக்க எல்லோரும் காரில் வருவதுதான் இன்றைய நிலைமை.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன். 1849ல் தெற்கேயிருந்து ரோஸ்லி வரை ரயில் வந்தது. மேலே போக வழி கிடைக்கவில்லை, சாட்ஸ்வொர்த் பூங்காவை ஒட்டிப் போவதா, ஹேடன் பக்கம் போவதா என்று இழுபறி. கடைசியில் ரட்லண்ட் பிரபு சம்மதித்தார், ஆனால் தன் மாளிகையான ஹேடன் ஹாலிலிருந்து பார்த்தால் ரயில் கண்ணில் படக்கூடாது என்று. அதற்காகவே பள்ளம் தோண்டி மேலே மூடி ஒரு சுரங்கம் கட்டினார்கள். 1863 வாக்கில் பேக்வெல்லைத் தாண்டினார்கள், 1867ல் மான்செஸ்டரைத் தொட்டார்கள். லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஓடிய முக்கியப் பாதை இது. ஏதோ கிளை ரயில் என்று நினைக்க வேண்டாம்.

அதை மூடியது பெரிய தப்பு. இன்றைக்கு பக்ஸ்டன் பக்கத்துக் குவாரிகளிலிருந்து தெற்கே போக வேண்டிய சுண்ணாம்புக்கல் ரயில்கள் முதலில் வடக்கே ஏறி, ஹோப் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிப் போகின்றன. மான்செஸ்டர், ஷெஃபீல்ட் பயணிகள் ரயில்களும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. நெரிசல் வராமல் என்ன செய்யும்?

மலைநடை மீனா

அந்த நெரிசலுக்குத்தான் ஹோப் பள்ளத்தாக்குப் பாதையில் 14.5 கோடி பவுண்டு செலவழித்து, பாம்ஃபோர்ட் பக்கம் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்க லூப் போட்டு, டோர் ஸ்டேஷனில் இரண்டாவது பிளாட்பாரமும் கட்டி 2024ல் முடித்துவிட்டார்களே.

அப்புறம், வரலாறு என்றால் பாதி மட்டும் சொல்லக்கூடாது. அந்த ரயில் வந்தபோது அதைத் திட்டித் தீர்த்தவர் எழுத்தாளர் ஜான் ரஸ்கின். பாறையை வெடி வைத்து உடைத்து, மண்ணை ஆற்றில் கொட்டி, தெய்வங்கள் குடியிருந்த பள்ளத்தாக்கையே அழித்துவிட்டீர்கள், எதற்கு, பக்ஸ்டன் முட்டாள் அரை மணி நேரத்தில் பேக்வெல் வரவும் பேக்வெல் முட்டாள் பக்ஸ்டன் போகவும்தானே என்று எழுதினார்.

பழைய தண்டவாளம்

ரஸ்கின் திட்டிய அதே பாலத்தை 1970ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். உங்கள் அம்மா நின்று ரசித்த பாலமும் அதுதான். எனக்கு ரஸ்கினே சாட்சி!

ரஸ்கின் அலுத்துக்கொண்டது கூட்டத்தைப் பார்த்து. சாதாரண ஜனங்கள் அரை மணி நேரத்தில் மலைக்குப் போய்வர முடிந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மலையில் பொது ஜனம் நடக்கக்கூடாது என்ற தடையை மீறி ஏறினார்களே, அவர்கள் யார்? மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைத் தொழிலாளிகள். அப்போது மலையடிவாரம் வரை ரயில் இருந்தது. அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1951ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அமைந்தது. இன்றைக்கு அதே ஜனங்கள் ரயில் இல்லாமல் எப்படி வருவார்கள்?

மலைநடை மீனா

அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய பென்னி ராத்மன் மலையடிவாரத்து ஹேஃபீல்டுக்கு எதில் போனார் தெரியுமா? சைக்கிளில். ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று ரயிலைத் தவிர்த்தார் மனிதர்.

டெர்பி குமரன்

ஹாஹா, மீனாவுக்கு ஒரு பாயின்ட்.

ஷெஃபீல்ட் செல்வம்

இரண்டு பேரும் பஸ்ஸை மறந்தே போனீர்கள். ஷெஃபீல்டிலிருந்து 218 பஸ் பாஸ்லோ, சாட்ஸ்வொர்த் வழியாக பேக்வெல் போகிறது. கட்டண உச்சவரம்பு இருப்பதால் ஒரு வழிக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்க மாட்டார்கள். நான் சாட்ஸ்வொர்த்தில் இறங்கிவிடுவேன். மாளிகைக்கும் தோட்டத்துக்கும்தான் டிக்கெட், ஆற்றை ஒட்டிய பூங்காவில் நடக்கக் காசு கிடையாது. மான்களைப் பார்த்துவிட்டு, எடன்சர் ஊர் வழியாக மேடு ஏறி இறங்கினால் பேக்வெல் சந்தை. கடைசியில் இறக்கம் செங்குத்து, மழை பெய்திருந்தால் கவனம்.

அங்கே எம்பரர் ஃபவுண்டன் கதை தெரியுமல்லவா? 1844ல் ரஷ்ய ஜார் மன்னர் வரப்போகிறார் என்று சாட்ஸ்வொர்த் தோட்டத் தலைவர் ஜோசப் பேக்ஸ்டன் மேட்டில் ஏரி வெட்டி, குழாய் போட்டு, ஆறே மாதத்தில் அதை எழுப்பினார். ஜார் வரவே இல்லை. ரயில் போட்டால் எல்லோரும் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள் என்று தண்டவாளம் ஐயா சொல்லும்போது எனக்கு அந்த ஃபவுண்டன்தான் ஞாபகம் வருகிறது.

யாழ் நிலவன்

பர்மிங்ஹாமில் இருந்து எழுதுகிறேன். செல்வம் அண்ணை, ஷெஃபீல்டில் இருப்பவருக்கு பஸ் சுகம். எங்களிடம் கார் இல்லை. டெர்பிக்கு ஒரு ரயில், அங்கிருந்து மேட்லாக்குக்கு இன்னொரு ரயில், பிறகு பேக்வெல்லுக்கு பஸ். இரண்டு பிள்ளைகளோடு போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிடும். மான்சல் பாதையில் இருக்கும் பழைய ரயில் சுரங்கத்துக்குள் சத்தம் போட்டு எதிரொலி கேட்கிறார்கள், கொஞ்சம் நடக்கிறார்கள், உடனே திரும்ப வெளிக்கிட வேண்டும்.

மீனா அக்கா சொல்வது எல்லாம் சரி, மிகவும் வடிவான பாதை. ஆனால் அங்கே போக முடிந்தவருக்குத்தான் அது பாதை. மேட்லாக் வரை வரும் ரயில் இன்னும் 8 மைல் போனால் என்ன குறைந்துவிடும்?

மலைநடை மீனா

நிலவன், உங்கள் கஷ்டம் புரிகிறது, உண்மையாகவே. ஆனால் அந்த 8 மைல் ரயில் பேக்வெல்லோடு நிற்காது. கல் ரயில் ஓடினால்தான் கணக்கு கட்டுபடியாகும் என்று தண்டவாளம் ஐயாவே ஒப்புக்கொள்வார். அதற்கு வடக்கே சுரங்கங்கள் அத்தனையும் வேண்டும். அதாவது பாதை முழுக்க.

பாதையை மாற்றி அமைத்துத் தருவோம் என்பார்கள். மாற்று எப்படி இருக்கும் என்று பார்க்க 2011க்கு முன் போனவர்களைக் கேளுங்கள். சுரங்கங்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. ஒவ்வொரு வாயிலிலும் தடத்தை விட்டு விலகிச் சரிவில் ஏறி இறங்க வேண்டும். சீ டேல் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் பாறைக்கு அடியில் போட்டிருக்கும் கற்களின் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும், வெள்ளம் வந்தால் அந்தக் கற்களே தண்ணீருக்குள். போக்குவரத்துத் துறை கொடுத்த 22.5 லட்சம் பவுண்டில் சுரங்கங்களைச் சீர் செய்து, விளக்குப் போட்டுத் திறந்த பிறகுதான் சைக்கிளும் நாற்காலியும் முழு நீளத்துக்கும் போக முடிந்தது.

அப்புறம், மில்லர்ஸ் டேலில் பழைய சுண்ணாம்புச் சூளைகளைச் சுற்றி, கல் வெட்டிய இடங்களில் கோடையில் ஆர்க்கிட் பூக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? ரயில் போன பிறகு வந்த பூ.

பழைய தண்டவாளம்

ரயில் ஓடிய காலத்திலும் சரிவுகளில் பூ பூத்தது. அதை விடுங்கள்.

அது இரட்டைத் தண்டவாளம் ஓடிய அகலம். ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மீதி இடத்தில் வேலி கட்டி நடைபாதை விடலாம் என்ற யோசனையும் உண்டு.

ஷெஃபீல்ட் செல்வம்

சுரங்கத்துக்குள்ளுமா? அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் டீசல் எஞ்சின் பக்கத்தில் தள்ளுவண்டியோடு நடக்கச் சொல்கிறீர்களா ஐயா?

பழைய தண்டவாளம்

சுரங்கத்தில் முடியாது, அதை நானும் சொல்வேன். அங்கே மாற்று வழி வேண்டும், அதை நல்லபடியாகச் செய்யப் பணம் ஒதுக்க வேண்டும். ஆனால் "முடியாது" என்று முன்கூட்டியே கதவைச் சாத்தாதீர்கள். 2004ல் கவுன்ட்டி கவுன்சிலுக்காகச் செய்த ஆய்வு, அப்போதைக்குக் கட்டுபடியாகாது என்றது. ஆனால் அந்தத் தடத்தில் கட்டடம் வராமல் காத்து வையுங்கள், பிற்காலத்தில் நிலைமை மாறலாம் என்றும் சொன்னது. யாரும் அந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை.

மலைநடை மீனா

படித்தேன். பீக் ரயில் தன்னார்வலர்கள் 1975லிருந்து உழைக்கிறார்கள், அவர்கள்மேல் மரியாதை உண்டு. மேட்லாக்கிலிருந்து ரோஸ்லி வரை சுமார் 4 மைல் பழைய காலத்து ரயில் ஓட்டுகிறார்கள். அதற்கு வடக்கே ஏ6க்கு மேல் இருந்த பாலமே இல்லை. பேக்வெல் ஸ்டேஷன் பக்கம் இப்போது தொழிற்கூடங்கள். அந்த ஸ்டேஷனும் ஊருக்கு மேலே மேட்டில் இருக்கிறது, சந்தைக்கு வருபவர் பையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

ரயில் வந்தால் கார் குறையும் என்கிறீர்களே, ஈடேல் ஊரைப் பாருங்கள். அங்கே ஸ்டேஷன் இருக்கிறது, ஞாயிறன்று ரயில் நிறைய நடைக்காரர்கள் இறங்குகிறார்கள். பக்கத்து மாம் டோர் மலைச் சாலையோரத்தில் கார் குறைந்திருக்கிறதா?

யாழ் நிலவன்

ரயில் நிறைய இறங்குகிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள் அக்கா. அந்த ரயில் இல்லாவிட்டால் அவர்களும் மாம் டோர் சாலையில்தான் கார் விடுவார்கள். அல்லது என்னைப் போல வீட்டில் இருப்பார்கள்.

டெர்பி குமரன்

இது நல்ல கேள்வி. மீனா?

மலைநடை மீனா

நிலவனுக்கு வேண்டியது தண்டவாளம் இல்லை, மேட்லாக்கில் ரயில் வந்து நிற்கும்போது வெளியே தயாராக நிற்கும் பஸ். அதை அடுத்த வருடமே செய்யலாம். ரயில் பாதைக்குப் பல வருடம் ஆகும், அதற்குள் அவர் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

இன்னொன்று. பாதையை பேக்வெல்லிலிருந்து ரோஸ்லி வழியாக மேட்லாக் வரை நீட்ட ஒரு திட்டம் இருக்கிறது, வைட் பீக் லூப் என்று. அது முடிந்தால் மேட்லாக்கில் ரயிலிலிருந்து இறங்கி நேரே சைக்கிளிலேயே பேக்வெல் போகலாம். நிலவன் பிள்ளைகளுக்கு அதுதான் வழி.

பழைய தண்டவாளம்

வந்ததா வெளியே! அந்தப் பாதை எதன் வழியாகப் போகும் என்று நினைக்கிறீர்கள்? பேக்வெல்லுக்கும் ரோஸ்லிக்கும் இடையே பழைய தடத்தில், மூடிக் கிடக்கும் ஹேடன் சுரங்கம் பக்கமாக. இப்போது 8.5 மைலை எடுத்துக்கொண்டீர்கள், அப்புறம் மீதியையும். பாதை போட்ட இடத்தில் ரயிலைக் கேட்டால், நடப்பவர்களிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்பீர்கள். இந்தத் திரியிலேயே அதுதான் நடக்கிறது.

மலைநடை மீனா

ஆமாம், அப்படித்தான் சொல்வேன். 1968லிருந்து சும்மா கிடக்கும் சுரங்கத்தை, வரலாம் என்கிற ஒரு ரயிலுக்காக இன்னும் எத்தனை காலம் பூட்டி வைப்பது?

பழைய தண்டவாளம்

பிரபுவுக்காக மண்ணுக்குள் ஒளித்த ரயில் அது மீனா. ஒரு தடவையாவது டிக்கெட் வாங்கி அதற்குள் போக எங்களை விடுங்கள்.

ஷெஃபீல்ட் செல்வம்

நிலவன் தம்பி, இவர்கள் முடிவு சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பர்மிங்ஹாமிலிருந்து ஷெஃபீல்டுக்கு நேர் ரயில் இருக்கிறது, பஸ் நிலையம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். 218 பிடியுங்கள். கிளம்புவதற்கு முன் திரும்பி வரும் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துவிடுங்கள், ஞாயிறன்று நேரம் மாறும்.

யாழ் நிலவன்

நன்றி அண்ணை. சைக்கிளை 218ல் ஏற்றுவார்களா?

ஷெஃபீல்ட் செல்வம்

அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். பழைய ஹாஸப் ஸ்டேஷனில் வாடகைக்குக் கிடைக்கும். பேக்வெல்லிலிருந்து பாதையிலேயே ஒரு மைல் நடந்தால் வந்துவிடும்.