கெவின் கீர்மையர் பேட்டிங் சுமார்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு புகழ்?

பேஸ்பால் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ரன் அதிகம் அடிக்காத ஒருவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில் 1: ஃபீல்டிங்தான். 2010 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 31-வது சுற்று வரை யாரும் எடுக்காத பையன், டாம்பா பே ரேஸ் அணிக்கு சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதி நடுவில் நின்று, 2015, 2016, 2019 என மூன்று கோல்டு க்ளவ் (சிறந்த ஃபீல்டருக்கான விருது) வாங்கினார், டொரான்டோ அணிக்குப் போய் 2023-ல் நான்காவது. 2015-ல் அவர் ஃபீல்டிங்கால் மிச்சமான ரன்கள் 42 என்று கணக்கு, அசுரத்தனம்!

பதில் 2: வேலி மேல் ஏறி, கையை அந்தப் பக்கம் நீட்டி, வேலி தாண்டி ஹோம் ரன் ஆகப்போகும் பந்தைப் பறிப்பாரே, அதைப் பாருங்கள். 2016-ல் பாய்ந்து பிடிக்கப்போய் இடது கை உடைந்தது, அந்த வருடமும் விருது அவருக்குத்தான்.

பதில் 3: சரி, பேட்டும் கொஞ்சம் பேசியிருந்தால்... அந்த ஏக்கம் எனக்கு உண்டு. 2024-ல் டாட்ஜர்ஸ் அணியோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார், அந்த வருடம் கோப்பையும் அவர்களுக்கே.