பூம்பாவையும் ஈஸ்டரும்: இறந்தவர் எழுந்தார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

மயிலை_லஸ்

கபாலீசுவரர் கோயிலிலிருந்து சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு இடத்திலும் இறந்தவர் எழுந்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தும் நாம் இதைப் பற்றி மனம்விட்டுப் பேசியதில்லை. அதனால்தான் இந்த இழை.

பூம்பாவை கதை தெரியாதவர்களுக்காக: மயிலாப்பூர் வணிகர் சிவநேசரின் மகள் பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தாள். எரித்த சாம்பலையும் எலும்பையும் அப்பா ஒரு குடத்தில் வைத்துக் காத்துவந்தார். திருஞானசம்பந்தர் வந்து, குடத்தைக் கோயில் முன்னால் கொண்டுவரச் சொல்லிப் பதிகம் பாடினார். குடம் உடைந்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் எழுந்தாள். இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலை இதை நடத்திக் காட்டுகிறார்கள். அன்று மாலைதான் அறுபத்துமூவர்.

இனி பதிகத்தை எடுத்துப் படியுங்கள். பாம்பு கடித்த செய்தி அதில் இல்லை. எலும்புக் குடமும் இல்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் "காணாதே போதியோ பூம்பாவாய்" என்று கேட்கிறார், அவ்வளவுதான். வாழ்வின் மீது இவ்வளவு ஆசையோடு ஓர் இறப்பைப் பார்த்துப் பேசிய பாட்டு தமிழில் வேறு எனக்குத் தெரியாது. அந்த ஆசைதான் பூம்பாவையின் உயிர்ப்பு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஈஸ்டரையும் அப்படித்தான். சடலம் எழுந்ததா என்று தோண்டினால் இரண்டும் கெட்டுவிடும்.

"எங்களுடையது சரித்திரம், உங்களுடையது கதை" என்று சொல்கிறவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வைத்துப் பேசட்டும் என்பது என் கோரிக்கை.

சாந்தோம்_மறைக்கல்வி

ஐயா, பதிகத்தைப் பற்றி எழுதியது அழகு. ஆனால் எங்கள் விஷயத்தில் "ஆசைதான் உயிர்ப்பு" என்பதை ஏற்க முடியாது. நான் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவன். "உடலின் உயிர்ப்பை நம்புகின்றேன்" என்று ஞாயிறுதோறும் வாய்விட்டுச் சொல்கிறோம். உடலின் உயிர்ப்பை. நினைவின் உயிர்ப்பை அல்ல.

அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரக் கிறித்தவர்களுக்கு முதல் திருமுகம் எழுதியது கி.பி. 50களின் நடுவில். சிலுவைச் சாவு நடந்து கால் நூற்றாண்டுகூட ஆகியிருக்காது. அதன் 15ஆம் அதிகாரத்தில் யார் யாருக்கு இயேசு தோன்றினார் என்று பட்டியல் தருகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஒரே நேரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், யாக்கோபு, கடைசியில் தானும். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். போய்க் கேட்டுப்பார் என்பதுதானே அதற்குப் பொருள்? கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமே வீண் என்று அவரே எழுதிவிட்டார். தப்பிக்க ஒரு வழி வைத்துக்கொண்டு எழுதியவர் அல்ல அவர்.

பூம்பாவை கதையைச் சொல்லும் பெரியபுராணத்தைச் சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டில். சம்பந்தருக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய 500 ஆண்டு. அளவுகோல் ஒன்றுதான் ஐயா. அளந்தால் வருகிற நீளம்தான் வேறு.

இன்னொன்று. இந்த ஊருக்கு வந்ததாக மரபு சொல்லும் அப்போஸ்தலர் யார்? தழும்பில் விரலை இட்டாலொழிய நம்ப மாட்டேன் என்ற தோமா. கி.பி. 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது எங்கள் முன்னோர் சொல்லிவந்தது. அவர் கல்லறை மேல் எழுந்த கோயிலில் நின்றுகொண்டு "எல்லாம் உருவகம்" என்று என்னால் சொல்ல முடியாது.

சைதை_பகுத்தறிவு

லஸ் தோழர், உங்களைவிட மறைக்கல்விக்காரர் நேர்மையாகப் பேசுகிறார் என்று எனக்குப் படுகிறது. "நடந்தது" என்கிறார். நான் "நடக்கவில்லை" என்கிறேன். இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறோம். நீங்கள் கேள்வியையே நகர்த்திவைக்கிறீர்கள்.

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில் மாற்குதான் பழையது. அதன் முழுமையான மிகப் பழைய பிரதிகள் இரண்டு, சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் நூல் 16:8உடன் முடிகிறது. பெண்கள் கல்லறையைவிட்டு ஓடுகிறார்கள், பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்தது. எழுந்தவரை யாரும் பார்க்கும் காட்சி அதில் கிடையாது. மத்தேயுவில் சீடர்கள் அவரைப் பார்ப்பது கலிலேயாவில். லூக்காவில் எருசலேமில். ஒரு விபத்துக்குச் சாட்சிகள் இப்படிச் சொன்னால் எந்த நீதிமன்றம் ஏற்கும்?

உருவகம் என்று சொல்லி இதையெல்லாம் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிக் காப்பாற்றினால் அடுத்த தலைமுறை மறுபடி அதை நிஜமென்று நம்பும்.

ஏழுகிணறு_அன்பர்

அன்பர்களே, இது ஏதோ கிறித்தவர்களுக்கு மட்டும் உள்ள கேள்வி போலப் போகிறது. வள்ளலார் சிறுவயதில் வளர்ந்து பாடியது எங்கள் ஏழுகிணற்றில், கந்தகோட்டத்தில். பிணத்தை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று அவர் தம்மைச் சார்ந்தவர்களைக் கேட்டுக்கொண்டார். காரணம், இறந்தவர் எழுவார்கள் என்று நம்பினார். செத்தவரெல்லாம் சிரித்து எழும் திறலை அருட்பெருஞ்ஜோதி அகவலில் பாடியிருக்கிறார். உருவகத்துக்காக யாரும் சுடுகாட்டு வழக்கத்தை மாற்றச் சொல்ல மாட்டார்கள். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் திரும்பவில்லை. அவர் உடல் ஒளியானது என்பது எங்கள் நம்பிக்கை, சொல்லுக்குச் சொல் அப்படியே.

லஸ் அன்பருக்கு ஒன்று. பெரியபுராணத்தில் பூம்பாவை எழுந்த பிறகு என்ன நடக்கிறது? சிவநேசர் அவளைச் சம்பந்தருக்கு மணம் செய்துதர விரும்புகிறார். அவர் மறுக்கிறார். உன் மகள் இறந்துவிட்டாள், இவளை இறைவன் அருளால் நான் பெற்றேன், ஆகவே எனக்கு மகள்முறை என்பது அவர் காரணம். உடம்போடு ஒரு பெண் எழுந்து நின்றால்தான் இந்த முறைக் கேள்வியே வரும். சேக்கிழாரை உருவகக்காரராக்குவது அவருக்குச் செய்யும் நியாயம் அல்ல.

மயிலை_லஸ்

ஏழுகிணற்றாருக்கு நன்றி. முறைச் சிக்கல் நல்ல கேள்வி. சேக்கிழார் அதை நிஜ நிகழ்ச்சியாகவே நம்பினார் என்பதை நான் மறுக்கவில்லை. அவர் நம்பியபடியே நானும் நம்ப வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நான் பற்றிக்கொள்வது பதிகத்தை. எழுந்தாளா என்று அது சொல்வதே இல்லை. கேள்வியிலேயே நிற்கிறது.

கீழ்ப்பாக்கம்_இறையியல்

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், இறையியல் படித்தவன். லஸ் பக்கம் நிற்கும் கிறித்தவர்களும் உண்டு என்று பதிவுசெய்ய வந்தேன்.

பவுல் பட்டியலில் தன்னையும் சேர்க்கிறார் அல்லவா? தமஸ்கு வழியில் இயேசு தோன்றியபோது அவர் கண்டது ஒளி, கேட்டது குரல். தழும்பைத் தொட்டதாகவோ கூட உண்டதாகவோ அவர் எங்கும் எழுதவில்லை. அதே அதிகாரத்தில், விதைப்பது ஒரு சரீரம், எழுவது வேறு வகைச் சரீரம் என்கிறார். வேதாகமத்தில் எசேக்கியேல் நூலின் 37ஆம் அதிகாரத்தில் உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து எழுகின்றன. அடுத்த வரியிலேயே, இந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சத்தார் என்று விளக்கம் வந்துவிடுகிறது. பாபிலோனில் நாடிழந்து கிடந்த மக்கள் மீண்டும் மக்களாக எழுவதைச் சொன்ன தரிசனம் அது. வேதமே இப்படிப் பேசும்போது நாம் ஏன் பயப்பட வேண்டும்? 1941இல் ருடால்ஃப் புல்ட்மன் என்ற ஜெர்மன் அறிஞர் இதை வெளிப்படையாகச் சொன்னார். மின்விளக்கும் வானொலியும் பயன்படுத்துகிற நாம் பழங்கால உலகப் பார்வையை அப்படியே நம்ப முடியாது, செய்தியை அதிலிருந்து பிரித்துக் கேட்க வேண்டும் என்றார்.

நடைமுறையையும் பாருங்கள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை. குடும்பக் கல்லறை இருந்தால் அதையே திறந்து வைக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே தகனத்துக்கு இசைவு தந்துவிட்டது. எலும்பே எழ வேண்டும் என்றால் எப்படித் தந்தார்கள்?

சாந்தோம்_மறைக்கல்வி

தம்பி, 1963ஐச் சொன்னீர்கள், 2016ஐ விட்டுவிட்டீர்கள். அந்த ஆண்டு வந்த வத்திக்கான் அறிவுறுத்தல், சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. உடல் அந்த ஆளைச் சேர்ந்தது, வீசி எறியும் பொருள் அல்ல என்பதால். சாம்பலிலிருந்து எழுப்புவது கடவுளுக்குக் கடினம் என்று நாங்கள் என்றும் சொன்னதில்லை.

பவுல் பரிசேயர் என்ற யூத சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பரிசேயருக்கு உயிர்த்தெழுதல் என்றால் உடல்தான். அதை மறுத்த சதுசேயர் என்ற இன்னொரு யூதப் பிரிவோடு அவருக்கு வழக்கே அதில்தான். லூக்காவில் எழுந்தவர் "சாப்பிட ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டு மீன் துண்டு வாங்கி உண்கிறார்.

அல்லிக்கேணி_பாய்

ஒரு வார்த்தை. இந்தக் கேள்வியைக் குர்ஆனே எடுத்துவைக்கிறது. மக்கிப்போன எலும்புகளுக்கு யார் உயிர் கொடுப்பான் என்று ஒருவன் கேட்கிறான். முதல்முறை படைத்தவனே என்பது பதில் (36:78, 79). நாங்கள் அதை உள்ளபடியே நம்புகிறோம். அதற்காக நடந்துமுடிந்த ஓர் அற்புதத்தை நிரூபிக்கிற கடமை எங்களுக்கு இல்லை. மறுமை இனி வருவது. செய்ததற்குக் கணக்குக் கொடுக்க ஆள் நிற்க வேண்டும், செய்த கையும் காலும் சாட்சி சொல்ல வேண்டும். கை கால் இல்லாமல் உருவகம் எப்படிக் கணக்குக் கொடுக்கும்?

பட்டினப்பாக்கம்_ரீட்டா

எல்லாரும் படிச்சவங்க பேசுறீங்க. நானும் சொல்லிடறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி கரையில இருந்துச்சு. தண்ணி வந்து இழுத்துட்டுப் போனது போனதுதான். உடம்பு கிடைக்கவே இல்ல. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூ, மெழுகுவர்த்தி எடுத்துட்டு அவங்கவங்க கல்லறைக்குப் போறாங்க. எங்களுக்குப் போக ஒரு இடம் கிடையாது.

விவிலிய வகுப்புல மக்கபேயர் ரெண்டாம் புத்தகம் ஏழாம் அதிகாரம் படிச்சோம். ஒரு ராஜா ஏழு பிள்ளைங்களை அம்மா கண்ணு முன்னாடி அறுத்துக் கொல்றான். மூணாவது பையன் கையை நீட்டி, இதை எனக்குக் கடவுள் குடுத்தாரு, அவருகிட்ட இருந்தே திரும்ப வாங்கிப்பேன்னு சொல்றான். அவன் உருவகம் பேசலண்ணா. வெட்டுன கையைக் கேக்குறான்.

ஆசைதான் உயிர்ப்புன்னு எழுதியிருந்தீங்க லஸ் அண்ணா. ஆசை எங்ககிட்ட நிறைய இருக்கு. அந்தப் பொண்ணு இல்ல. கடல்ல போன உடம்பைக் கடவுள் திருப்பித் தருவாருன்னு நான் நம்புறேன். அப்படியே, அட்சரம் குறையாம.

சைதை_பகுத்தறிவு

ரீட்டா அக்கா, உங்கள் இழப்போடு வாதாட மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பிறகு எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை, இப்போது கிடைக்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்கிறது. கரையோர மக்களை அப்படித்தான் அடக்கிவைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டினப்பாக்கம்_ரீட்டா

தம்பி, 2023ல லூப் ரோட்டுல மீன் கடையை எடுக்கச் சொன்னப்ப ரோட்டுல உக்காந்தது யாரு? காலையில செபமாலை சொல்ற அதே பொம்பளைங்கதான். உடம்புக்குக் கடவுள்கிட்ட மதிப்பு இருக்குன்னு நம்புறவ, அந்த உடம்பை யாராவது தள்ளுனா சும்மா இருக்க மாட்டா.

கீழ்ப்பாக்கம்_இறையியல்

அக்கா சொன்ன மக்கபேயர் பகுதி முக்கியமானது. ராஜா அந்தியோக்கஸ். கி.மு. 167 வாக்கில் யூதர்களின் வழிபாட்டையே தடைசெய்தவன். உடல் எழும் என்ற நம்பிக்கை யூதர்களிடம் தெளிவாக வலுத்த காலமும் அதுதான். கடவுளின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவன் கொல்லப்படுகிறான், கொன்றவன் அரியணையில் இருக்கிறான். அப்படியானால் கடவுளின் நீதி எங்கே என்ற கேள்விக்குப் பதிலாக எழுந்த நம்பிக்கை அது. நான் பிடித்துக்கொள்வதும் அந்தத் தீர்ப்பைத்தான். உயிரணு ஒவ்வொன்றும் திரும்ப வர வேண்டும் என்பதில்லை.

பட்டினப்பாக்கம்_ரீட்டா

தீர்ப்பு மட்டும் வந்து ஆள் வரலன்னா அது யாருக்குத் தீர்ப்பு?

மயிலை_லஸ்

அக்கா, உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இல்லை. அதற்காக நம்பாததை நம்புகிறேன் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டேன்.

மறைக்கல்வி ஐயாவுக்கு நேரடிக் கேள்வி. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "கோயில்ல பூம்பாவை எழுந்தாங்கன்னு சொல்றாங்களே, அது நிஜமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சாந்தோம்_மறைக்கல்வி

கேட்டிருக்கிறார்கள். கடவுள் விரும்பினால் யாரையும் எழுப்ப முடியும், ஆனால் இதற்குச் சாட்சி மிகவும் பிந்தி வருகிறது, அதனால் நான் நம்பவில்லை என்று சொல்வேன். நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். இயேசுவைப் பற்றிக் கேட்டால் நடந்தது என்று சொல்வேன். பார்த்ததாகச் சொன்னவர்கள் அதற்காக அடிபட்டார்கள், சிறைப்பட்டார்கள். பவுல் தாமே பட்ட அடிகளை எண்ணி எழுதியிருக்கிறார். பொய் என்று தெரிந்த ஒன்றுக்காக ஒருவர் இவ்வளவு தாங்குவாரா?

மயிலை_லஸ்

பொய் என்று தெரிந்து தாங்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். உண்மை என்று நம்பித் தாங்கியிருக்கலாம். நம்பியது உண்மையாகவே இருந்ததா என்பது வேறு கேள்வி. உங்கள் அளவுகோலையே வைக்கிறேன்: ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரும் நம் கையில் இல்லை, அவர்கள் எழுதிய ஒரு வரியும் இல்லை. மாற்கோ சைதைத் தோழர் சொன்ன இடத்தில் நின்றுவிடுகிறது. பூம்பாவைக்கு உங்களுக்குச் சாட்சி போதவில்லை. இதற்கு எனக்குப் போதவில்லை.

சாந்தோம்_மறைக்கல்வி

இப்படிச் சொல்லுங்கள் ஐயா, இதோடு என்னால் பேச முடியும். "போதவில்லை" என்கிறவரிடம் சாட்சியைப் பற்றிப் பேசலாம். "அது உருவகம்" என்கிறவரிடம் எதை எடுத்துப்போனாலும் இடமில்லை. மாற்கு 16:8க்கு என்னிடம் பதில் உண்டு. அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றால் மாற்குக்கு எப்படித் தெரிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன்.