தம்பிக்கு லைன் வேலை: அனுபவம் உள்ள அண்ணன்மார் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம். தம்பி எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு, மின்கம்பி வேலை எடுத்துச் செய்யும் ஒரு சப் கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குப் போகிறான். இப்போதைக்குக் கம்பி மேல் சாயும் செம்பனை மட்டையை வெட்டுவது, கம்பம் நடக் குழி தோண்டுவது, கயிறு பிடிப்பது. அதோடு நின்றால் பரவாயில்லை, போன வாரம் ஆள் பற்றாக்குறை என்று அவனையே கம்பத்தில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். பெல்ட் இருந்ததாம், கொக்கி துருப்பிடித்து வாய் சரியாக மூடவில்லையாம். கையுறை இரண்டு பேருக்கு ஒரு ஜோடி! 11,000 வோல்ட் லைனில், மின்சாரத்தை நிறுத்தி, சோதித்து, எர்த் போட்ட (கம்பியைத் தரையோடு இணைத்த) பிறகுதானே கை வைக்கணும்? அதை யார் உறுதி செய்தார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. அம்மா மழை இருட்டினாலே வாசலில் வந்து நின்றுகொள்கிறார்.

சொக்சோ (தொழிலாளர் விபத்துக் காப்புறுதி), இபிஎஃப் (சேமநிதி) கட்டுகிறார்களா என்பதும் தெரியவில்லை. கட்டாயம் கட்டணும் என்பது தெரியும், முதலாளியிடம் கேட்காமல் நாமே சொக்சோ அலுவலகத்தில் பார்க்க முடியுமா?

அவனுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அதனால் விடச் சொல்ல மனம் வரவில்லை. முறையாகப் படிக்க வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஈப்போ ஐஎல்பியில் (அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம்) மின்சாரப் பிரிவு எடுத்து எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) முடிப்பதா, அல்லது வேலையில் இருந்துகொண்டே சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையம்) வயர்மேன் (வயரிங் செய்பவர்), அப்புறம் சார்ஜ்மேன் (மின் அமைப்பைப் பொறுப்பேற்று இயக்குபவர்) தேர்வுக்குப் போவதா? மின்கேபிள்களை இணைக்கும் கேபிள் ஜாயின்டருக்குத்தான் கிராக்கி என்கிறார் பக்கத்து வீட்டு மாமா, ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார். மின்சார வாரியமான டிஎன்பியில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால், சம்பளம், ஓவர்டைம், இரவு அழைப்பு எல்லாம் எப்படி என்று எழுதுங்கள். பேராவில் ஒழுங்கான கான்ட்ராக்டர் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.